தன்னளவும் பொதுவளவும்: தமிழ் மரபில் வடிவொப்புமைக் கருத்து

ஒரு பொருளின் அளவு மாறினும் அதன் வடிவு மாறாதிருத்தல் என்னும் கருத்து வடிவியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றாகும். இக்கருத்தைப் பழந்தமிழ்க் கைவினைஞரும் கணக்கரும் எவ்வாறு கையாண்டனர், அதற்கு அவர்கள் வழங்கிய பெயர் யாது, பெயர் வழங்கவில்லையெனின் அதன் காரணம் யாது என்பவற்றை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. சிற்பநூல் மரபு, கல்வெட்டு, நில அளவை, வாய்மொழிப் பாடல் ஆகியன இதற்குச் சான்றாதாரங்களாகக் கொள்ளப்பட்டுள்ளன.

இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தது ஒரு பள்ளிச் சிறுமியின் வினா. தில்லியின் மேற்குப் பகுதியான ஜனக்புரியில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளுள் ஒன்று அங்கு உள்ளது. தலைநகரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் ஒரு பாடம். கணிதமோ ஆங்கிலத்தில் அமைந்தது. அப்பகுதியைச் சேர்ந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் பாடநூலில் 'சிமிலர்' என வரும் முக்கோணங்களைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்று கேட்டாள். 'வடிவொத்த முக்கோணங்கள்' என்று விடை கூறினேன். 'இது பழைய சொல்லா, பாடநூலுக்காக ஆக்கிய சொல்லா?' என அவள் அடுத்துக் கேட்டதற்கு உடனே விடை கூற இயலவில்லை.

தமிழகப் பாடநூல்கள் 'வடிவொத்த' என்றும், இலங்கைப் பாடநூல்கள் 'இயல்பொத்த' என்றும் இக்கருத்தைக் குறிக்கின்றன. வடிவியலையே இலங்கையில் கேத்திரகணிதம் என வழங்குவர். ஒரு கருத்துக்குக் கடலின் இருகரையிலும் இருவேறு சொற்கள் தோன்றியிருத்தல், அச்சொற்கள் பொதுவான பழமரபொன்றிலிருந்து இறங்கியவை அல்ல என்பதைப் புலப்படுத்தும். அவை ஐரோப்பிய வடிவியலைத் தமிழில் பயிற்றுவிக்க முற்பட்டபோது தனித்தனியே எழுந்தவை எனக் கொள்வதே பொருத்தமுடையது. சொல் புதிது, கருத்தும் புதிதா என்பதே ஆராயத்தக்க வினா.

உவமையும் வடிவொப்புமையும்

ஒப்புமை பற்றிய தமிழரின் முதற்சிந்தனை இலக்கணத்தில் உள்ளது. தொல்காப்பிய உவமவியல் வினை, பயன், மெய், உரு என உவமத்தை நான்காக வகுக்கிறது. இவற்றுள் மெய் என்பது வடிவையும், உரு என்பது நிறத்தையும் குறிப்பன. இடையைத் துடியோடு ஒப்பிடும் புலவன் துடியின் நீள அகலங்களைக் கருதுவதில்லை. நடுவே ஒடுங்கி இருபுறமும் விரியும் அமைப்பையே கருதுகிறான். அளவை நீக்கி வடிவை மட்டும் பிரித்துக் காணும் பார்வை இங்குத் தெளிவாகவே உள்ளது.

எனினும் மெய்யுவமத்தை வடிவியல் ஒப்புமையின் முன்னோடி என்று கூறிவிட முடியாது. உவமை உயர்ந்த பொருளின்மேல் வருதல் வேண்டும் என்பது மரபு. ஆகவே அது ஒருதிசைப்பட்டது. முகம் திங்களைப் போன்றது எனலாம். திங்கள் முகத்தைப் போன்றது என்றால் அது தண்டியலங்காரம் கூறும் விபரீத உவமையாகிவிடும். வடிவொத்த முக்கோணங்களிலோ முதலாவது இரண்டாவதை ஒத்ததாயின் இரண்டாவதும் முதலாவதை ஒத்ததே. உயர்வு தாழ்வு அங்கில்லை. உவமையைக் கொண்டு கணிதத்தையும், கணிதத்தைக் கொண்டு உவமையையும் விளக்க முயலும் கட்டுரைகள் அவ்வப்போது வெளிவருகின்றன. அவை இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்வதில்லை.

ஒடியோலையும் தாலமும்

கருத்தின் உண்மையான இருப்பிடம் சிற்பியின் பட்டறையாகும். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள் முதலில் எடுப்பது அளவுகோலன்று. தென்னங்கீற்றிலிருந்து கிழித்த மெல்லிய ஓலைத்துண்டு. செய்யவிருக்கும் திருமேனியின் உயரத்துக்கு அதனை நறுக்கி, குறித்த விகிதங்களில் மடித்துக்கொள்வர். இதற்கு ஒடியோலை என்று பெயர். அம்மடிப்புகளே முகம், கழுத்து, மார்பு, உந்தி, முழங்கால், பாதம் என ஒவ்வோர் உறுப்புக்கும் எல்லை காட்டும். மெழுகுருவம் இவ்வோலைக்கேற்பவே உருப்பெறும்.

இச்செயலின் பின்னுள்ள கோட்பாடு தாலமானம் எனப்படும். தாலம் என்பது முகத்தின் நீளத்தை அடிப்படையாகக் கொண்ட அலகு. பொதுவாகப் பன்னிரண்டு அங்குலம் கொண்டது. நவதாலத் திருமேனி 108 அங்குலம். தசதாலத்தில் உத்தமம் 124, மத்திமம் 120, அதமம் 116 அங்குலம் எனப் பகுப்பர். பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாலமும், தேவியர்க்கு மத்திம தசதாலமும், பிள்ளையாருக்கு ஐந்து தாலமும் உரியனவாகச் சொல்லப்படும். நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகள் உண்டு.

இங்கு நோக்கத்தக்கது அங்குலம் என்னும் சொல்லின் பொருள். சிற்பநூல்கள் அங்குலத்தை மூவகையாகப் பகுக்கின்றன. தானிய மணிகளை அடுக்கிப் பெறுவது மானாங்குலம். செய்விப்போன் அல்லது ஆசாரியனின் நடுவிரற் கணுவைக் கொண்டு பெறுவது மாத்திராங்குலம். திருமேனியின் உயரத்தையே 124 அல்லது 120 கூறாக்கி அவற்றுள் ஒன்றைக் கொள்வது தேகாங்குலம். மூன்றாவதில் அலகு வெளியிலிருந்து வருவதில்லை. அளக்கப்படும் பொருளே தனக்குரிய அலகைத் தருகிறது. ஒரு சாண் உயரச் சோமாஸ்கந்தருக்கும் ஆள் உயரச் சோமாஸ்கந்தருக்கும் அங்குல எண்ணிக்கை ஒன்றே, அங்குலம்தான் வேறு.

யூக்ளிடின் நூலில் ஆறாம் பகுதி வடிவொப்புமையைப் பேசுகிறது. அங்கு இரண்டு உருவங்கள் எதிரெதிர் நிறுத்தப்படுகின்றன. கோணத்தோடு கோணமும் பக்கத்தோடு பக்கமும் ஒப்பிடப்படுகின்றன. ஒப்புமை என்பது இரண்டன் உறவு. ஸ்தபதியின் முறையிலோ இரண்டாவது உருவம் கண்முன் இருக்கவேண்டியதே இல்லை. எண்களை நிலைநிறுத்தி அலகை மாற்றிக்கொண்டால் வடிவு தானே காக்கப்படும். ஒரே தாலத்தில் ஒரே தெய்வத்துக்கு ஒரே நிலையில் செய்யப்பட்ட திருமேனிகள் யாவும், எத்தனை அளவினவாயினும், ஒன்றுக்கொன்று வடிவொத்தவை. பிள்ளையாரைப் பெரிதாக்கிச் சிவனாக்க முடியாது. அவர்தம் தாலம் வேறு. எனவே தாலம் என்பது நீள அலகு மட்டுமன்று. வடிவொத்தவற்றை ஓரினமாகத் தொகுக்கும் வகைப்பாடும் ஆகும். இம்முறையைத் 'தன்னளவு' என இக்கட்டுரையில் குறிப்பிடுவோம். 'வடிவொத்த' என்பதற்கு நேரான பழஞ்சொல் தமிழில் ஏன் தோன்றவில்லை என்பதற்கும் இதுவே விடையாகலாம். இரண்டை ஒப்பிடும் தேவை எழாத தொழிலில் ஒப்புமைக்குப் பெயர் எழுவதில்லை. தாலம் என்ற பெயரே போதியதாயிருந்தது.

கோயில் முழமும் அளவுகோலும்

தன்னளவால் செய்த திருமேனி கோயிலுக்குள் நுழைந்ததும் வேறோர் அளவைச் சந்திக்கிறது. தஞ்சை இராசராசீச்சரத்துக் கல்வெட்டுகள், மன்னனும் அவன் சுற்றத்தாரும் அதிகாரிகளும் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிடுகின்றன. கோயிலுக்குரிய முழத்தால் அளந்து, பாதம் முதல் முடிவரை இத்தனை முழம், இத்தனை விரல், இத்தனை தோரை உயரம் என்றும், கைகள் இத்தனை என்றும், பீடம் இவ்வளவு என்றும் அவை குறிக்கின்றன. பொன் ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுக்கப்படுகிறது. இங்கு ஆள்வது பொதுவளவு. திருமேனி களவு போனாலோ மாற்றப்பட்டாலோ கண்டறியத் தேகாங்குலம் உதவாது. எந்த உத்தம தசதாலத் திருமேனியும் 124 தேகாங்குலமே இருக்கும். படைப்பவனுக்குத் தன்னளவும் கணக்கனுக்குப் பொதுவளவும் வேண்டியிருந்தன. இவ்விரண்டையும் ஒரே கோயிலில் ஒருசேரக் காண முடிவது தஞ்சையின் தனிச்சிறப்பு எனலாம்.

பொதுவளவு எவ்வளவு பொதுவானது என்பது அடுத்த சிக்கல். சோழர் காலக் கல்வெட்டுகளில் பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல், பதினெண் சாண் கோல் எனப் பல கோல்கள் வருகின்றன. கோயிற் சுவர்களில் கோலின் நீளம் வெட்டி வைக்கப்பட்டுள்ள இடங்களும் உண்டு. கோலின் சதுரமே குழி. ஆகவே கோல் மாறினால் குழி இருமடி விகிதத்தில் மாறும். ஒரே நிலத்தைப் பதினாறு சாண் கோலால் அளந்தால் 9 குழி வருமாயின், பன்னிரு சாண் கோலால் அளந்தால் 16 குழி வரும். கோலில் கால்பங்கு குறைய, குழிக்கணக்கு ஏறத்தாழ 78 விழுக்காடு ஏறிவிடுகிறது. குழிக்கு இவ்வளவு என்று இறை விதிக்கப்படுமிடத்து, கோலின் நீளம் உழவனுக்கு வாழ்வுச் சிக்கலாகும். கல்வெட்டுகள் நிலத்தின் பரப்பைக் கூறுவதோடு நில்லாமல், எந்தக் கோலால் அளந்தது என்பதையும் விடாது குறிப்பதன் காரணம் இதுவே. நிலவுரிமை பற்றிய ஆய்வுகளில் வெவ்வேறு ஊர்களின் குழிகளைக் கோல் கருதாமல் கூட்டிவிடும் பிழை இன்றும் நேர்வதுண்டு. நீளத்தில் நேரும் சிறு தவறு பரப்பில் இருமடங்காகும் என்பதை அவ்வாய்வாளர் நினைவிற்கொள்ள வேண்டும்.

தமிழ்க் கீழ்வாய் இலக்கமும் இப்பார்வையின் விளைவே. ஒன்றின் இருபதிலொன்று மா, எண்பதிலொன்று காணி, முந்நூற்றிருபதிலொன்று முந்திரி. அதற்குக் கீழே புதுப்பெயர்கள் வரிசையாகப் படைக்கப்படுவதில்லை. முந்திரியையே ஒன்றாகக் கொண்டு, அதன் கூறுகளைக் கீழரை, கீழ்க்கால், கீழ்மா என்று பழைய பெயர்களாலேயே 'கீழ்' சேர்த்து வழங்கினர். கீழ்முந்திரி என்பது 1,02,400-இல் ஒன்று. மேலே உள்ள ஏணியே அளவு சுருங்கிக் கீழே மறுபடி நிற்கிறது. இராசராசன் கால நில அளவையில் வேலியின் 52,428,800,000-இல் ஒரு பங்குவரை கணக்கிடப்பட்டது என வரலாற்று நூல்கள் வியந்து கூறும். அவ்வெண் 320-ஐ நான்கு முறை பெருக்கி மேலும் ஐந்தால் பெருக்கியதற்குச் சமம். அதாவது நான்கு 'கீழ்' இறங்கிய கணக்கு. வேலியை ஏறத்தாழ 6.6 ஏக்கராகக் கொண்டால் அப்பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர் அளவினதே. எக்கோலும் அதனை அளந்திருக்க முடியாது. வகுத்தலின்போது மிஞ்சிய எண்ணைக் கணக்கர் கைவிடாது எழுதினர் என்பதே உண்மை. அதனை அளவைத் துல்லியத்துக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. எழுத்து முறையின் ஆற்றலுக்குச் சான்றாகக் காட்டலாம்.

நீளம் ஒரு மடங்கும் பரப்பு இருமடியும் எனில், கனம் மும்மடியாகும். வை. கணபதி ஸ்தபதி வடிவமைத்து, 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பெற்ற கன்னியாகுமரி வள்ளுவர் சிலை, பீடம் 38 அடியும் உருவம் 95 அடியுமாக 133 அடி உயரமுடையது. அறத்துப்பால் அதிகாரங்களுக்குப் பீடமும், ஏனைய இருபால் அதிகாரங்களுக்கு உருவமும் ஈடாக அமைந்தமை யாவரும் அறிந்ததே. ஓரடி உயர மாதிரியை 95 அடிக்கு உயர்த்தினால் பாதத்தின் பரப்பு 9,025 மடங்காகும். எடையோ 8,57,375 மடங்காகும். எனவே பாதத்தின் ஒவ்வொரு சதுர அங்குலமும் மாதிரியில் தாங்கியதைப்போல் 95 மடங்கு சுமையைத் தாங்கவேண்டும். வடிவு ஒத்திருப்பினும் வலிமை ஒத்திராது என்னும் இவ்வுண்மையை கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். வள்ளுவர் சிலையின் உள்ளே கூடு விடப்பட்டிருப்பதும், சுமையைப் பகிரக் கல் உத்திரங்கள் கோக்கப்பட்டிருப்பதும் இதனை ஸ்தபதி நன்கறிந்திருந்தமையைக் காட்டும். தாலமானம் புறவடிவைக் காக்கும். உள்ளமைப்பைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

கர்ணம் காணும் பாடல்

போதையனார் பெயரால் வழங்கும் பாடல் ஒன்று, செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தை வர்க்கமூலமின்றிக் காணும் வழியைக் கூறுகிறது. பித்தாகரசுக்கு முன்பே தமிழர் கண்ட தேற்றம் என்று அது பெருமையுடன் எடுத்தாளப்படுகிறது. எடுத்தாளுவோர் பலரும் சுவடிச் சான்று காட்டுவதில்லை. காலம் பற்றிய வழக்கை ஒருபுறம் நிறுத்தி, விதியை மட்டும் காண்போம். நீண்ட பக்கத்தில் எட்டிலொரு பங்கை நீக்கி, குறும்பக்கத்தின் பாதியைக் கூட்டுக என்பது விதி. 3, 4 எனில் 5 வருகிறது, 5, 12 எனில் 13 வருகிறது, இரண்டும் சரி. 8, 15 எனில் 17 வரவேண்டிய இடத்தில் 17.125 வருகிறது. இரு பக்கமும் சமமாயின் பிழை ஏறத்தாழ 2.8 விழுக்காடு.

இவ்விதி பொதுத் தேற்றமன்று; தோராய விதி. ஆயினும் அதற்கொரு பண்பு உண்டு. 3, 4 என்பதற்குச் சரியாயின் 30, 40 என்பதற்கும் 300, 400 என்பதற்கும் சரி. பிழை நேருமிடத்தும் அது முக்கோணத்தின் அளவைப் பொறுத்ததன்று, வடிவைப் பொறுத்ததே. மச்சு மரம் அறுப்பவனுக்கு வேண்டுவதும் இதுதான். தேற்றம் என்று உயர்த்திக் கூறுவதால் இவ்விதிக்கு வரும் பெருமையைக் காட்டிலும், தொழிலாளியின் குறுக்குவழி என்று உள்ளபடி கூறுவதால் வரும் பெருமை நிலையானது என்பது என் கருத்து.

துரும்பும் நிழலும்

தன்னளவு முறையின் மிக எளிய வடிவம் நாழிகை அறியும் துரும்பாகும். கடிகாரம் இல்லாத காலத்து வயலில் நின்றவர் பொழுதறிய வாய்மொழியாக வழங்கிய பாடல் ஒன்று, ஒரு துரும்பை எடுத்துப் பதினாறு கூறாக்கச் சொல்கிறது. துரும்பை ஓரிடத்தில் மடித்து, ஒரு பகுதியைத் தரையில் கிடத்தி, மறுபகுதியைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். நிற்கும் பகுதியின் நிழல் கிடக்கும் பகுதியின் முனையைச் சரியாகத் தொடுமாறு மடிப்பிடத்தை நகர்த்திக்கொண்டால், நிற்பது எத்தனை கூறோ அத்தனை நாழிகை பொழுது ஏறியிருக்கிறது. காலையில் நிழல் நீளம். ஆகவே நிற்பது குறைவு. உச்சியில் நிழல் இன்மையால் முழுவதும் நிற்கும்.

துரும்பு இவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்னும் கட்டுப்பாடு இதற்குத் தேவையில்லை என்பதே கருதத்தக்கது. ஈர்க்கும் போதும், சோளத்தட்டையும் போதும். நீளம் எதுவாயினும் அதன் பதினாறில் ஒன்றே அலகு. ஒடியோலையின் கோட்பாடும் இதுவே. அங்கு மடிக்கப்படுவது ஓலை, இங்குத் துரும்பு. கூறு ஏன் பதினாறாயிற்று? அரைப்பகல் பதினைந்து நாழிகையாதலின் பதினைந்தே எதிர்பார்க்கத்தக்கது. ஆனால் பதினைந்தாகப் பகுக்க அளவுகோல் வேண்டும். பதினாறாகப் பகுக்க நான்கு முறை பாதியாய் மடித்தால் போதும். தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் பதினாறிலொன்றுக்கு வீசம் என்ற பெயரும் ஆயத்தமாக இருந்தது. இது என் ஊகமே. எனினும் கைக்கு எளிய கணக்கு நூலுக்குரிய கணக்கை வென்றது எனக் கொள்வதில் தவறில்லை.

நிழலைக் கொண்டு அளத்தல் உலகெங்கும் வடிவொப்புமையின் முதற்பாடமாக இருந்துள்ளது. பிரமிடின் உயரத்தை அதன் நிழலால் தேலீசு கண்டதாகக் கிரேக்க மரபு கூறும். கி.பி. 499-இல் ஆரியபடர் இயற்றிய நூலின் கணிதப் பகுதியில், விளக்குத்தண்டும் அதன் ஒளியில் நிற்கும் கோலும் தரும் நிழல்களுக்குரிய விதிகள் உள்ளன. ஆங்கெல்லாம் இரண்டு முக்கோணங்கள் உண்டு. துரும்பிலோ ஒரே முக்கோணம். அதன் இரு பக்கங்களும் ஒரே துரும்பின் கூறுகள்.

விதி எவ்வளவு சரியானது? கதிரவன் தொடுவானிலிருந்து நேர்மேலே ஏறி உச்சியை அடையும் நாளைக் கருதுவோம். நாழிகைக்கு ஆறு பாகை வீதம் அவன் ஏறுவான். 45 பாகையில் உண்மையான பொழுது ஏழரை நாழிகை. துரும்பு காட்டுவது 8. 60 பாகையில் உண்மை 10. துரும்பு காட்டுவது 10.1. 30 பாகையில் உண்மை 5. துரும்பு காட்டுவது 5.9. நாழிகை என்பது 24 நிமிடமாதலின் பிழை பெரும்பாலும் இருபது நிமிடத்தை ஒட்டியதே. ஏற்றம் இறைப்பவனுக்கு இது போதும். ஆனால் கதிரவன் சாய்ந்து செல்லும் மார்கழியில் தஞ்சையிலேயே நண்பகலில் துரும்பு ஒன்பதரைதான் காட்டும். உண்மையான பொழுதோ பதினான்கு நாழிகைக்குச் சற்று மேல். பாடல் ஆண்டு முழுவதற்கும் உரிய விதியாகாது. சித்திரையிலும் ஆவணியிலும், கதிரவன் தமிழகத்தின் தலைக்குமேல் வரும் நாள்களையொட்டி, அது நன்கு பொருந்தும்.

தமிழகத்துக்கு வடக்கே செல்லுந்தோறும் பொருத்தம் மேலும் குறைய வேண்டும். இதனைச் சோதிக்க, டிசம்பர் 21 அன்று மேற்கூறிய மாணவியும் நானும் ஜனக்புரியின் பூங்கா ஒன்றில் ஈர்க்குடன் நின்றோம். அவ்விடத்தின் அகலாங்கு ஏறத்தாழ 28.6 பாகை. அந்நாளில் அங்குக் கதிரவன் உச்சியை அடைவது கடிகாரத்தில் 12 மணி 20 நிமிட அளவில். அப்போதும் அவன் 38 பாகை உயரத்துக்கு மேல் செல்வதில்லை. ஈர்க்கை நான்கு முறை மடித்துப் பதினாறு கூறு குறித்துக்கொண்டோம். மடிப்பை நகர்த்தி நிழல் முனையைத் தொட்டபோது நின்றவை ஏழு கூறு, கிடந்தவை ஒன்பது. கணக்கும் அதுவே தருகிறது. பொழுதோ ஏறத்தாழ பதின்மூன்று நாழிகை. 'அப்படியென்றால் பாட்டு தப்பா?' என்றாள் மாணவி. பாட்டு தவறன்று, அது ஓரிடத்து வானத்தின் வடிவைத் தன்னுள் கொண்டது, துரும்பின் அளவை மாற்றலாம், ஊரின் அகலாங்கை மாற்ற இயலாது என்று விடை கூறினேன்.

இதற்குரிய கல்விடை அதே தில்லியில் நிற்கிறது. ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் ஜெய்சிங் 1724-இல் தில்லியில் அமைத்த ஜந்தர் மந்தரில், சாம்ராட் யந்திரம் என்னும் ஏறத்தாழ 70 அடி உயரமான செங்கோண முக்கோணச் சுவர் உள்ளது. துரும்பைப்போல் அதன் நிழல்முனை செங்குத்துக் கோலினின்று பிறப்பதில்லை. சாய்ந்த கர்ணமே நிழல் தருகிறது. அக்கர்ணம் தரையோடு ஆக்கும் கோணம் தில்லியின் அகலாங்குக்குச் சமம். எனவே அது புவியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஆகவே மார்கழியாயினும் ஆனியாயினும் நிழல் ஒரு நாழிகைக்கு ஆறு பாகை என ஒரே சீராக நகரும். கதிரவன் சாய்வால் துரும்புக்கு நேர்ந்த பிழை இங்கு எழுவதில்லை. யூக்ளிடின் நூல் நசீருத்தீன் தூசியின் அரபு வடிவிலிருந்து 'ரேகாகணிதம்' என்ற பெயரில் வடமொழிக்கு வந்ததும் இம்மன்னரின் அவையில்தான். அதனைப் பெயர்த்தவர் ஜகந்நாத சாம்ராட்.

பித்தளைக் கருவிகள் சிறியனவாகவும் தேய்வனவாகவும் இருந்தமையால் ஜெய்சிங் கல்லையும் சுண்ணத்தையும் நாடினார். ஜெய்ப்பூரில் சிறிய சாம்ராட், பெரிய சாம்ராட் என இரண்டு உள்ளன. ஒரே ஊரின் அகலாங்குக்கு அமைந்தமையால் இரண்டின் முக்கோணங்களும் வடிவொத்தவை. சிறியதன் பிரிவுகள் 20 நொடிவரையும், பெரியதன் பிரிவுகள் 2 நொடிவரையும் காட்டும். அளவு பெருகப் பிரிவுகளுக்கு இடம் கிடைத்தது. ஆயினும் நிழலின் விளிம்பு கூர்மையாக விழுவதில்லை. கதிரவனின் வட்டம் வானில் அரைப்பாகை அகலமுடையது. அது தன் அகலத்தைக் கடக்க இரண்டு நிமிடம் கொள்ளும். விளிம்பின் மங்கலும் கருவியோடு சேர்ந்தே பெருகுகிறது. ஏனெனில் அதுவும் கோணத்தால் ஆனது. மங்கலின் நடுவை நுட்பமாகத் தேர்ந்தெடுக்கப் பழகிய கண் இல்லையேல் 2 நொடிப் பிரிவு வெறுங்கோடாகவே நிற்கும்.

தில்லிச் சாம்ராட்டின் படியே ஜெய்ப்பூரினதும் எனச் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தில்லியில் கர்ணத்தின் சாய்வு 28 பாகை 37 கலை. ஜெய்ப்பூரில் ஏறத்தாழ 26 பாகை 55 கலை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும், வடிவொத்தவை அல்ல. 1 பாகை 42 கலை அளவான அவ்வேறுபாடு இரு நகர்களுக்கும் இடைப்பட்ட நிலத்தின் வேறுபாடாகும். நேர்படியாகப் பெருக்கியிருந்தால் ஜெய்ப்பூரின் கருவி பொழுதைத் தவறாகக் காட்டியிருக்கும்; ஜனக்புரியில் எம் ஈர்க்குக்கு நேர்ந்ததும் அதுவே.